கையின் வேகத்தில் ஒரு பொருள்

1976இல் அமெரிக்காவின் மாட்டெல் நிறுவனம் உள்ளங்கைக்குள் அடங்கும் பச்சைக் குப்பைத்தொட்டி ஒன்றைக் குழந்தைகளுக்கு விற்றது. பிளாஸ்டிக் மூடியைத் திறந்தால் உள்ளே பச்சையாக, சில்லென்று, கொழகொழவென்று ஒன்று கிடக்கும். பெயர் ஸ்லைம். பின்னால் வந்த வகைகளில் ரப்பர்ப் புழுக்களும் கண்விழிகளும்கூட அதற்குள் புதைந்திருந்தன. எடுத்துத் தங்கை கையில் போட வேண்டும், தங்கை அலற வேண்டும், அம்மா முகம் சுளிக்க வேண்டும். அதற்காகவே செய்யப்பட்ட பொம்மை அது. 1979இல் கனடாவின் ஒட்டாவாவில் தொடங்கிய ‘யூ கான்ட் டூ தட் ஆன் டெலிவிஷன்’ என்ற சிறுவர் நிகழ்ச்சியில், ‘எனக்குத் தெரியாது’ என்று வாய்தவறிச் சொல்லிவிடும் பிள்ளையின் தலையில் மேலிருந்து பச்சைக் கூழ் கொட்டும். அந்த நிகழ்ச்சியை வாங்கி ஒளிபரப்பிய நிக்கலோடியன் அலைவரிசை, பிறகு அந்தக் கூழையே தன் அடையாளமாக்கிக்கொண்டது. அருவருப்புதான் அந்தக் காலத்து ஸ்லைமின் சரக்கு.

என் அண்ணன் மகளின் மேசையில் இன்று இருக்கும் ஸ்லைம் இளஞ்சிவப்பு நிறம். ஸ்ட்ராபெரி வாசம். காற்றுப் புகாத டப்பா, மூடியில் அதைப் பிசைந்து முடித்த தேதி. சோப்புப் போட்டுக் கை கழுவாத யாருக்கும் அதைத் தொட அனுமதி கிடையாது. “கை கழுவினீங்களா அத்தை?” என்று கேட்டு, என் விரல்களை மோந்து பார்த்துவிட்டுத்தான் டப்பாவை நீட்டுவாள். குப்பைத்தொட்டிக்குள் பிறந்த ஒரு பொருள் நாற்பத்தைந்து, ஐம்பது ஆண்டுகளில் கழுவிய கையால் மட்டுமே தொடத் தகுந்ததாக மாறியிருக்கிறது. இப்படித் தலைகீழாகிப்போன வேறொரு பொம்மை எனக்கு நினைவில்லை. அந்த மாற்றத்தின் வணிகக் காரணங்களைவிட, கழுவிய அந்தக் கை அங்கே என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதில்தான் என் மனம் நிற்கிறது.

மாட்டெலின் பச்சைக் கூழைக் கெட்டிப்படுத்தியது கொத்தவரை. நாம் பருப்புசிலிக்கு நறுக்குகிற, மோரில் ஊறவைத்து வத்தல் போடுகிற அதே செடிதான். காய் முற்றி விதையானதும், விதைக்குள் இருக்கும் வெண்ணிறப் பருப்பை அரைத்தால் கிடைக்கும் பொடிக்குக் குவார் கம் என்று பெயர். ஐஸ்கிரீமில் பனிப்படிகம் திரளாமல் காப்பதும் இதே பொடி. உலகின் கொத்தவரை விதையில் பெரும்பகுதி இந்தியாவில், அதிலும் ராஜஸ்தானின் வறண்ட மாவட்டங்களில் விளைகிறது. தண்ணீரில் சிறிதளவு கரைத்தாலே அதன் நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள் விரிந்து நீரைக் கெட்டியாக்கிவிடும். ஆனாலும் அது கஞ்சிதான், கையில் அள்ளினால் வழிந்தோடும். அதில் வெண்காரத்தைச் சேர்த்தால் கதை மாறுகிறது. போராக்ஸ் என்று இன்று எல்லோரும் சொல்வது, பொற்கொல்லர்கள் நகை பற்றவைக்கும்போது வைக்கிற அதே வெண்காரம். தண்ணீரில் கரைந்த வெண்காரத்தின் போரேட் அயனி ஒரு சங்கிலியை ஒரு பக்கமும் இன்னொரு சங்கிலியை மறுபக்கமும் பற்றிக்கொள்கிறது. கோடிக்கணக்கான இடங்களில் இப்படிப் பற்றியதும் கஞ்சி தன்னைத்தானே சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஒரே பிண்டமாகிவிடுகிறது.

இதே பக்குவத்தைப் பெரியவர்கள் வேறொரு வேலைக்கும் வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் பாறையைப் பிளந்து எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கும்போது, மணலைச் சுமந்துகொண்டு நிலத்தின் ஆழத்துக்குச் செல்லும் திரவத்தைக் கொத்தவரைப் பிசினையும் போரேட்டையும் கொண்டு தயாரிப்பது வழக்கம். மணல் அடியில் தங்கிவிடாமல் அந்தக் கூழ் தாங்கிப் பிடித்திருக்கும். விரிசலுக்குள் மணலைச் சேர்த்ததும் கூழை உடைத்துவிடுவார்கள். 2012இல் இதற்கான தேவை ஏறியதில் ராஜஸ்தானில் கொத்தவரை விலை பல மடங்கு உயர்ந்தது. அந்த ஆண்டு மார்ச்சில் அதன் முன்பேர வணிகத்தையே அரசு நிறுத்திவைக்க வேண்டியிருந்தது. குழந்தையின் விரலிடுக்கில் வழியும் பொருளும் பூமியைப் பிளக்கப் போகும் பொருளும் ஒரே குடும்பம். சிறுபிள்ளை விளையாட்டு என்று இதை ஒதுக்கத் தோன்றும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

1943ஆம் ஆண்டுக்கு இந்த விஷயத்தில் ஒரு தனி இடம் உண்டு. அமெரிக்காவின் நியூ ஹேவனில் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் ஜேம்ஸ் ரைட், போர்க்காலத்து ரப்பர் தட்டுப்பாட்டுக்கு மாற்றுத் தேடிச் சிலிக்கோன் எண்ணெயில் போரிக் அமிலத்தைச் சேர்த்தார். கிடைத்தது டயருக்கு உதவவில்லை. தரையில் எறிந்தால் துள்ளியது, மேசையில் விட்டால் மெல்லப் படர்ந்தது. டௌ கார்னிங்கின் எர்ல் வாரிக்கும் அந்தக் கண்டுபிடிப்புக்கு உரிமை கோரினார். 1950இல் பீட்டர் ஹாட்ஜ்சன் அதைப் பிளாஸ்டிக் முட்டைக்குள் அடைத்து ‘சில்லி புட்டி’ என்று விற்றார். 1968இல் அப்போலோ 8 விண்கலத்தில் எடையின்மையில் மிதக்கும் கருவிகளை ஒட்டி நிறுத்த அது பயன்பட்டது. இங்கேயும் நடுவில் நிற்பது வெண்காரத்தில் இருக்கும் அதே போரான்தான்.

அதே 1943இல், ஜெர்மானியர் பிடியிலிருந்த பாரிசில் தத்துவவாதி சார்த்தரின் ‘இருத்தலும் இன்மையும்’ வெளிவந்தது. அந்தப் பெருநூலின் இறுதிப் பகுதியில் பிசுபிசுப்பைப் பற்றிச் சில பக்கங்கள் வருகின்றன. தத்துவத்தில் ஒரு தொடுவுணர்வு அவ்வளவு நீளமாக ஆராயப்பட்டது அரிது. பிசுபிசுப்பான பொருள் முதலில் பணிவது போலத் தோன்றும், நம் வசப்பட்டுவிட்டது என்று எண்ணிக் கையை விலக்கப் போனால் அது விடாது, உடைமையாளனை உடைமை பிடித்துக்கொள்ளும் என்பது அவருடைய அச்சம். நீரைப் போல ஓடவும் செய்யாமல், கல்லைப் போல நிற்கவும் செய்யாமல் தன்னை உறிஞ்சிக்கொள்ளப் பார்க்கும் ஒன்றாக அதை அவர் கண்டார். 1966இல் மானுடவியலாளர் மேரி டக்ளஸ் தம் ‘தூய்மையும் ஆபத்தும்’ நூலில் இந்தப் பக்கங்களை எடுத்துக்கொண்டு வேறொரு திசையில் நகர்த்தினார். வகைப்பாட்டுக்குள் அடங்காததே நமக்கு அசுத்தமாகத் தெரிகிறது, திடத்துக்கும் திரவத்துக்கும் இடையில் நிற்பதால்தான் பிசுபிசுப்பு நம்மைக் கூசவைக்கிறது என்பது அவருடைய வாதத்தின் போக்கு. மாட்டெலின் குப்பைத்தொட்டியை அவருடைய நூலுக்குப் படவிளக்கமாகவே வைத்துவிடலாம்.

டக்ளஸ் சொன்னதை ஏற்கிறேன். சார்த்தரோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. அவர் எழுதியது பக்குவம் வராத ஸ்லைமைப் பற்றி. பசையும் தண்ணீரும் மட்டும் இருக்கும் நிலையில் அது கையைப் பிடித்துக்கொள்ளத்தான் செய்யும். விரலுக்கு விரல் நூல் இழுக்கும், நகக்கண்ணில் உறையும். ஆனால் போதிய அளவு வெண்காரம் ஏறி நன்றாகப் பிசைபட்ட ஸ்லைம் கையில் ஒட்டாது. தன் சங்கிலிகளைத் தானே பற்றியிருக்கும் வலு, தோலைப் பற்றும் வலுவைவிட அதில் கூடிவிடுகிறது. விரலை எவ்வளவு ஆழம் புதைத்தாலும் சுத்தமாக வெளியே வரும். உன்னோடு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கும், விட்டால் விலகிக்கொள்ளும். இந்த நிலைக்கு அதைக் கொண்டுவருவதும் இந்த நிலையில் அதை வைத்திருப்பதும்தான் அந்தப் பிள்ளைகளின் முழுக் கலையும். சார்த்தர் பார்த்து அஞ்சிய பிடியை ஒரு பத்து வயதுக் குழந்தை சொட்டுச் சொட்டாகத் திருத்திவிடுகிறாள்.

கொத்தவரைக்குப் பதில் இன்று வீட்டு ஸ்லைமில் இருப்பது வெள்ளைப் பசை. பாலிவினைல் அசிடேட்டும் அதை நிலைநிறுத்தப் பாலிவினைல் ஆல்கஹாலும் சேர்ந்த பால்போன்ற திரவம் அது. 2016, 2017இல் அமெரிக்கக் குழந்தைகள் வீட்டிலேயே ஸ்லைம் செய்யத் தொடங்கியபோது எல்மர்ஸ் பசை கடைகளில் தீர்ந்துபோய், நிறுவனம் உற்பத்தியைக் கூட்ட வேண்டியிருந்தது. நம் ஊரில் அந்த இடம் ஃபெவிக்காலுக்கு. இறுக்கிக் கொடுக்கும் கரைசலைப் பிள்ளைகள் ஆக்டிவேட்டர் என்கிறார்கள். கரைத்த போராக்ஸாக இருக்கலாம். காண்டாக்ட் லென்ஸ் கழுவும் திரவமாகவோ, கேரம் பலகையில் தூவும் போரிக் அமிலப் பொடியாகவோ இருந்து, அதோடு சமையல் சோடா சேரலாம். சோடா காரத்தன்மையைக் கூட்டும்போதுதான் போரிக் அமிலம் சங்கிலிகளைப் பற்றும் போரேட்டாக மாறுகிறது. எந்த வழியில் போனாலும் கடைசியில் போரான்தான் வந்து சேர்கிறது.

போரேட் பிணைப்பின் சிறப்பு அதன் நிலையாமை. ஒருமுறை பற்றியதை அது கடைசிவரை பற்றியிருப்பதில்லை. விட்டுவிட்டு இன்னொன்றைப் பற்றும், அதையும் விடும். மெல்ல இழுத்தால் பிணைப்புகளுக்கு விட்டுப் பிடிக்க நேரம் கிடைக்கிறது, அதனால் ஸ்லைம் ஆடைபோல் மெலிந்து நீளும். வெடுக்கென்று இழுத்தால் நேரம் கிடைப்பதில்லை, சுத்தமாக அறுந்து விளிம்புகூடத் தெரியும். அறுந்த இரண்டையும் சேர்த்து வைத்துவிட்டுக் காத்திருந்தால் தையல் தெரியாமல் ஒன்றாகிவிடும்.

பொருள்கள் ஓடும் விதத்தை ஆராய்ந்த மார்கஸ் ரெய்னர் 1964இல் டெபோரா எண் என்ற அளவை முன்வைத்தார். விவிலியத்தின் நியாயாதிபதிகள் நூலில் தீர்க்கதரிசி டெபோரா பாடும் பாட்டில் கர்த்தருக்கு முன்னால் மலைகள் கரைந்தோடுவதாக வரும். பெயர் அங்கிருந்து வந்தது. ஒரு பொருள் தன்னைத் தளர்த்திக்கொள்ள எடுக்கும் நேரத்தை, நாம் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தால் வகுத்தால் கிடைக்கும் எண் அது. போதிய காலம் பார்த்துக்கொண்டிருந்தால் மலையும் ஓடும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 1927இல் தாமஸ் பார்னெல் ஒரு புனலில் கீல் ஊற்றி வைத்தார். சுத்தியலால் தட்டினால் நொறுங்கும் கீல். அதிலிருந்து ஒன்பதாவது சொட்டு விழுந்தது 2014 ஏப்ரலில்.

நீரின் தளர்வு நேரம் நம் விரலுக்கு எட்டாத அளவு குறுகியது, கீலின் நேரம் நம் ஆயுளுக்கு எட்டாத அளவு நீண்டது. நல்ல ஸ்லைமின் நேரமோ ஒரு நொடியை ஒட்டி நிற்கிறது. கை ஒன்றைப் பிசைய, அழுத்த, இழுக்க எடுத்துக்கொள்ளும் நேரமும் ஏறக்குறைய அதுதானே. அதனால்தான் ஒரே பிண்டம் ஒரு கணம் திடமாகவும் மறுகணம் திரவமாகவும் கையில் மாறிமாறித் தெரிகிறது. கையின் வேகத்துக்கு அது பதில் சொல்கிறது. கடுமையாக நடந்துகொண்டால் கடுமையாகவும் பொறுமையாக நடந்துகொண்டால் இளக்கமாகவும் பதில் வருகிறது. அவசரக் கை, நிதானக் கை என்ற வேறுபாட்டை நெற்றியில் அடித்தாற்போலக் காட்டிவிடும் வேறு விளையாட்டுப் பொருள் எனக்குத் தெரியவில்லை.

இனிப் பராமரிப்பு. இதை எழுதத் தொடங்கியதே இதைப் பற்றிப் பேசத்தான்.

மூடிவைத்த ஸ்லைம் சும்மா இருப்பதில்லை. சில நாள் கழித்துத் திறந்தால் மேலே மெல்லிய நீர்ப்படலம் நிற்கும், அடியில் கொஞ்சம் இறுகியிருக்கும். சென்னையின் சித்திரை வெயிலில் நேர்மாறாக முழுவதும் தளர்ந்து பழைய பசைநிலைக்கே திரும்பிவிடும். விற்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால் டப்பாவோடு ஒரு சின்னப் பொட்டலத்தில் போராக்ஸும், என்ன செய்ய வேண்டும் என்று அச்சிட்ட ஒரு அட்டையும் வைத்து அனுப்புவார்கள். வழியில் உருகியிருந்தால் பயப்பட வேண்டாம், பொட்டலத்தை வெந்நீரில் கரைத்துச் சிறிது சிறிதாகச் சேருங்கள் என்று அந்த அட்டை சொல்லும். பொம்மை வாங்கிய அன்றே அதற்கு வைத்தியமும் பார்க்க நேரிடலாம் என்று சொல்லிக் கொடுத்து விற்கப்படும் பொருள் இது.

ஒட்டினால் ஆக்டிவேட்டர் விட வேண்டும், ஆனால் விட்ட உடனே அதன் பலன் தெரியாது. ஒரு சொட்டு விட்டுப் பிசைந்து, மடித்து, மறுபடி பிசைந்து, உள்ளே போய்ச் சேரும்வரை பொறுத்துத்தான் அடுத்த சொட்டைப் பற்றி யோசிக்க வேண்டும். பொறுக்காமல் விட்டுக்கொண்டே போனால் பிணைப்பு மிகுந்து ரப்பர்போல் விறைத்துவிடும், இழுத்தால் துண்டு துண்டாகும். விறைத்ததற்கு வெந்நீர்க் குளியல் போடுகிறார்கள். கைக்குப் பூசும் லோஷனைக் கொஞ்சம் விட்டுப் பிசைகிறார்கள். தளர்ந்ததை இறுக்குவதைவிட இறுகியதைத் தளர்த்துவது கடினம் என்று எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். தயிருக்கு உறை ஊற்றத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கைக்கணக்கு புரியும். அளவு எழுதிவைத்த காகிதம் உதவாது. அன்றைய வெயில், தண்ணீர், பசையின் தடிமன் எல்லாம் சேர்ந்துதான் அளவைச் சொல்லும்.

வகைகளுக்கு ஏற்பப் பராமரிப்பும் மாறும். மென்களிமண் கலந்த பட்டர் ஸ்லைம் காற்றுப் பட்டால் சீக்கிரம் உலரும். குழந்தைகளின் டயப்பரில் ஈரத்தை உறிஞ்சும் சோடியம் பாலிஅக்ரிலேட்டை ஊறவைத்துச் சேர்த்த கிளவுட் ஸ்லைம், மேலிருந்து விட்டால் தூறல்போல் இழையிழையாக இறங்கும். ஈரம் போனால் அந்த அழகும் போகும். தெர்மாகோல் மணி சேர்த்தது அழுத்தும்போதெல்லாம் நெறுநெறுவென்று பேசும், ஆனால் மணிகள் உதிர்ந்து வீடு முழுக்கப் பரவும்.

இவற்றில் என்னை அதிகம் நிறுத்திவைத்தது கண்ணாடி ஸ்லைம். நிறமில்லாத பசையில் செய்வது. புதிதாகப் பிசைந்தபோது அது கண்ணாடியாக இருக்காது. பிசையப் பிசையக் காற்றை உள்ளே வாங்கிப் பால்போல் வெளுத்துவிடும். மூடிவைத்து, தொடாமல், அசைக்காமல் நாள்கணக்கில் விட்டால் குமிழிகள் ஒவ்வொன்றாக மேலேறி வெளியேறும், அடியில் வைத்த எழுத்தும் தெரியும் அளவுக்குத் தெளியும். தெளிந்ததைப் பிள்ளைகள் எடுத்து ஒரு விரலால் குத்துவார்கள், பிறகு முழுக்கையால் அழுத்துவார்கள், சில நிமிடங்களில் மறுபடி வெளுத்துவிடும். நாள்கணக்கில் காத்திருந்து சில நிமிடங்களில் கலைத்துவிட்டு, எந்த வருத்தமும் இல்லாமல் மீண்டும் மூடிவைப்பார்கள். தொடாமல் இருப்பதும் இதில் ஒரு வேலைதான், அந்த வேலையைக் கைபேசித் தலைமுறைப் பிள்ளைகள் தாமாகவே ஏற்றுச் செய்கிறார்கள். குழந்தைகளுக்குப் பொறுமை போய்விட்டது என்று புலம்பும் பெரியவர்கள் இந்த டப்பாக்கள் பக்கம் வந்து பார்க்க வேண்டும்.

எந்தப் பொம்மையும் விளையாட விளையாடத் தேயும். காரின் சக்கரம் கழலும், பம்பரத்தின் ஆணி மழுங்கும், மரப்பாச்சியின் மூக்கு போகும். பாதுகாக்க வேண்டும் என்றால் விளையாட்டை நிறுத்திப் பெட்டியில் வைக்க வேண்டும். ஸ்லைமில் இந்தக் கணக்கு செல்லாது. பெட்டியில் விட்டால் அது பிரியும், உலரும், தளரும். எடுத்து மடித்துப் பிசைந்தால் நீர் உள்ளே திரும்பும், பிணைப்பு பரவும், பதம் மீளும். மடிப்பதும் இழுப்பதும்தான் விளையாட்டு. அதுவேதான் மராமத்தும். அதே சமயம் ஒவ்வொரு தொடுதலும் அதை அழிக்கவும் செய்கிறது. கையின் சூடு தளர்த்துகிறது, வியர்வையும் அழுக்கும் சேர்கின்றன, ஒரு தலைமுடி போனால் எடுக்க முடியாது, பிஸ்கட் தூள் போனால் அவ்வளவுதான். தொட்டால்தான் வாழும், தொடத் தொடக் கெடும். இந்த இரண்டுக்கும் நடுவில் குழந்தை நாள்தோறும் தீர்மானிக்கிறாள். கழுவிய கையின் பொருள் எனக்கு இங்கேதான் விளங்கியது. அருவருப்பு போனதால் மட்டும் வந்த சுத்தம் இல்லை அது. தன் கை அந்தப் பொருளுக்கு என்ன செய்யும் என்று அறிந்த ஒருத்தியின் சுத்தம்.

களிமண்ணில் பிள்ளையார் பிடிக்கலாம், பிடித்தது நிற்கும், வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் காட்டலாம். ஸ்லைமில் பிடித்த எதுவும் நிற்காது. பதித்த விரல்தடம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நிரம்பிவிடும். முடித்துக் காட்ட ஒன்றுமில்லாத, மதிப்பெண் போட முடியாத, போட்டி வைக்க முடியாத ஒரு மணிநேரத்தை இன்றைய பள்ளிக்கூடப் பிள்ளைக்கு அது கொடுக்கிறது. அந்த மணிநேரத்தை நான் மதிக்கிறேன். இதனால் என்ன கற்றுக்கொள்கிறாள், விரல் நுண்தசை வளருமா என்றெல்லாம் கேட்டு அதற்கும் ஒரு பாடத்திட்டம் எழுதிவிட வேண்டாம் என்று பெற்றோர்களை வேண்டிக்கொள்கிறேன்.

ஸ்லைம் பெரும்பாலானவர்களிடம் வந்து சேர்ந்தது கைவழியாக இல்லை, திரைவழியாக. யாரோ ஒருவருடைய கைகள் மட்டும் தெரியும் காணொளியில் ஸ்லைம் அழுந்துகிறது, குமிழி வெடிக்கிறது. பார்ப்பவர்களுக்குத் தலையில் மெல்லிய சிலிர்ப்பும் அமைதியும் வருகின்றன. 2010இல் ஜெனிஃபர் ஆலன் இந்தச் சிலிர்ப்புக்கு ஏ.எஸ்.எம்.ஆர். என்று பெயர் வைத்தார். எதைத் தொட்டாலும் ஒரே வழவழப்பாக இருக்கும் கண்ணாடியில் நாளெல்லாம் விரல் வைத்திருப்பவர்கள், அதே கண்ணாடிக்குள் வேறொருவர் விரல்கள் புதைவதைப் பார்த்து ஆறுதல் தேடுகிறார்கள். இதில் பழிக்க எதுவும் இல்லை. தொடுதலுக்கான பசி அங்கே உண்மையாகவே இருக்கிறது. ஆனால் அந்தக் காணொளிகள் ஒட்டுகிற பதத்தைக் காட்டுவதில்லை, வெளுத்ததைத் தெளியவிட்டுக் காத்திருந்த நாள்களைக் காட்டுவதில்லை. பராமரிப்பை வெட்டியெடுத்துவிட்டுப் பலனை மட்டும் காட்டுகின்றன. பார்த்துவிட்டு ஆசையாகச் செய்து, முதல் ஒட்டலிலேயே தூக்கிப்போட்டுவிடும் பிள்ளைகள் அதிகம் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

2019இல் நியூயார்க்கின் சோஹோ பகுதியில் ஸ்லூமூ இன்ஸ்டிட்யூட் என்ற இடம் திறக்கப்பட்டது. பெரிய தொட்டிகளில் ஸ்லைம், பெரியவர்களும் காசு கொடுத்து உள்ளே போய்க் கைவிடலாம். அதைத் தொடங்கிய இரண்டு பெண்களும் தம் வாழ்வில் வந்த பெருந்துயரங்களிலிருந்து மீள ஸ்லைம் கைகொடுத்தது என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்கள். அதை நான் நம்புகிறேன். துக்கத்தில் இருப்பவர்களுக்குச் சொல் உதவாத நேரங்கள் உண்டு. அந்த நேரத்தில் கைக்கு ஒரு வேலையும் அந்த வேலைக்குப் பதில் சொல்லும் ஒரு பொருளும் இருந்தால் மூச்சு தானாகவே சீராகும். செத்த வீட்டில் பெண்கள் எதையாவது ஆய்ந்துகொண்டு, நறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நாம் பார்த்திருக்கிறோம்.

நன்றாகப் பார்த்துக்கொண்டாலும் ஸ்லைமுக்கு வயதாகும். சில வாரம், மிஞ்சினால் சில மாதம். நிறம் மங்கும், ஸ்ட்ராபெரிக்கு அடியில் ஒரு புளிப்பு வாடை எழும், ஓரத்தில் பூஞ்சை புள்ளி வைக்கும். பூஞ்சை வந்தபின் வைத்தியம் கிடையாது. பல குழந்தைகள் முதன்முதலாக ஒன்றை வளர்த்து இழப்பது இதில்தான், கேலி செய்யாமல் உடன் இருக்க வேண்டிய நேரம் அது. இரண்டு நிறங்களை ஆசையாகக் கலந்துவிட்டு அது மண்நிறமாகிப் பிரிக்கவே முடியாமல் போகும்போது வரும் திகைப்பையும் இதோடு சேர்க்கலாம்.

துணியிலோ தலைமுடியிலோ ஒட்டிக்கொண்டால் வினிகர் விட வேண்டும். அமிலம் பட்டதும் போரேட் போரிக் அமிலமாகத் திரும்பிச் சங்கிலிகளை விட்டுவிடும், சில நிமிடங்களில் வெறும் பசைத்தண்ணீராகி வெந்நீரில் கழன்றுவிடும். சமையல் சோடா கட்டிய முடிச்சை வினிகர் அவிழ்க்கிறது. எறிய வேண்டிய ஸ்லைமைக் கழுநீர்த் தொட்டியில் மட்டும் போடக் கூடாது, குழாய்க்குள் போய் அடைத்துக்கொள்ளும். கொத்தவரைப் பிசினில் செய்ததை மண் தின்றுவிடும். வெள்ளைப் பசையில் செய்தது பிளாஸ்டிக் குடும்பம், எளிதில் மட்காது. காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போடுவதுதான் வழி. தொட்டிச்செடியின் மண்ணில் புதைக்கலாமா என்று அண்ணன் மகள் கேட்டபோது, கூடாது என்று சொல்லிக் காரணத்தையும் விளக்கினேன். கேட்டுக்கொண்டாள்.

வெண்காரத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அளவுக்கு மீறி உடலுக்குள் போகும் போரான் இனப்பெருக்க நலத்தையும் வளர்ச்சியையும் பாதிக்கக்கூடியது. 2016இல் கனடாவின் சுகாதாரத் துறை, வீட்டுக் கைவேலைகளில் போராக்ஸைப் பயன்படுத்த வேண்டாம் என்று அறிவுறுத்தியது. பிசுபிசுப்பான விளையாட்டுப் பொருள்களிலிருந்து வெளியேறும் போரானுக்கு ஐரோப்பிய ஒன்றியம் கிலோவுக்கு 300 மில்லிகிராம் என வரம்பு வைத்திருக்கிறது. 2018இல் பிரிட்டனின் ‘விச்?’ நுகர்வோர் அமைப்பு சோதித்த 11 ஸ்லைம்களில் 8 அந்த வரம்பைத் தாண்டின. எதையும் வாயில் வைக்கும் வயதுக் குழந்தையிடம் ஸ்லைமே வேண்டாம். கையில் வெட்டோ புண்ணோ இருந்தால் அன்றைக்கு விடுமுறை. பொடியைக் கரைப்பதும் கரைசலைக் கையாள்வதும் பெரியவர் வேலை. விளையாடிய பிறகும் கை கழுவ வேண்டும், முன்னால் கழுவியது ஸ்லைமுக்காக என்றால் பின்னால் கழுவுவது பிள்ளைக்காக.

ஆகவே எங்கள் வீட்டில் ஆக்டிவேட்டர் புட்டி மேல் அலமாரியில், என் பொறுப்பில் இருக்கிறது. ஆனால் எப்போது விட வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பது எனக்குத் தெரியாது, அது அவள் விரல்களுக்குத்தான் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தளர்ந்துபோன ஒன்றைத் தேற்றிக்கொண்டிருந்தாள். நான் சொட்டுவிட, அவள் மடித்து மடித்துப் பார்த்தாள்.

“இன்னொரு சொட்டு விடவாடா?”

“வேணாம் அத்தை, கெட்டியாயிடும். அரைச் சொட்டு விடுங்க.”

அரைச் சொட்டை எப்படி விடுவது என்று கேட்டேன். ஒரு சொட்டை ஒரு கரண்டித் தண்ணீரில் கலந்து, அதில் பாதியை விடச் சொன்னாள்.